பட்டியலில் ஓர் அண்ணி

ஜனவரி 6

அண்ணிக்கு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். கிழிக்காமல் பிரித்திருந்தால் உங்களுக்கு ஒரு கும்பிடு. மூன்று வருடமாக உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. நல்லவேளை, வீட்டை மாற்றவில்லை நீங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம். சிரிக்காதீர்கள். "உனக்கு ஒருத்தன் மாட்டினா அவனுக்குக் காது சுத்தமா கேக்காதுன்னு அர்த்தம்டி" என்று ஒரு காலத்தில் சொன்னீர்களே, இவருக்கு நன்றாகவே கேட்கிறது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். முப்பத்தொன்பது வயதில் எனக்கு இது தேவையா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். தேவை என்றுதான் பதில் வந்தது.

பதிவு அலுவலகத்தில் ஏப்ரல் 17, காலை பதினொன்றே கால். இருபது நிமிடம் கொடுப்பார்கள். இந்தப் பக்கம் ஆறு நாற்காலி, அந்தப் பக்கம் ஆறு நாற்காலி. அவர் பக்கம் ஆறுக்கும் அவர் அக்காமார்கள் இப்போதே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் பக்கம் ஆறும் காலி. நீங்களும் உங்கள் வாண்டுவும் வந்து உட்கார வேண்டும். இதற்குத்தான் இந்தக் கடிதம்.

செலவைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலையில் பத்து வருடம் நாடு நாடாகப் பறந்தேன் இல்லையா, அத்தனை பயணத்துக்கும் விமானக் கம்பெனி பாயிண்ட் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பாயிண்டைக் கொடுத்தால் டிக்கெட் சும்மா. ஆனால் போன வருடம் நான் ஊர் சுற்றுவதை விட்டு ஒரே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டேன். பறக்காதவளின் பாயிண்ட் அவர்களுக்குக் கசக்கிறது. ஏப்ரல் 30ஆம் தேதியோடு எல்லாம் செத்துவிடும்.

அந்தப் பாயிண்டில் எனக்குப் போடலாம், இல்லையென்றால் என் குடும்பப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போடலாம். வேறு யாருக்கும் முடியாது. பட்டியலில் நான்கு பேர் இருக்கிறார்கள். அப்பா (அவர் போய் ஏழு வருடமாகிறது, பெயரை எடுக்கக் கை வரவில்லை), அண்ணன், நீங்கள், வாண்டு.

இனி நீங்கள் கோபப்படப்போகிற இடம். நான் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டேன். பாயிண்டுக்குக் கொடுக்கிற இருக்கைகள் அந்த வாரத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஏப்ரல் 13 அங்கே ஏறினால் 14 காலை பதினொரு மணிக்கு இங்கே இறங்கலாம். 24ஆம் தேதி திரும்பலாம்.

பதினேழு வயதில் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டுக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு பேப்பரில் வந்த விளம்பரங்களைச் செய்தி வாசிக்கிற குரலில் வரிசையாக வாசித்தீர்கள். பழைய சோபா விற்பனைக்கு, ஒரு கால் இல்லை, மற்றபடி நல்ல நிலை. அந்தச் சோபாவில்தான் எனக்குச் சிரிப்பு வந்து கதவைத் திறந்தேன். அந்த வீட்டில் எனக்காகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

வாருங்கள் அண்ணி.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 20

உன் கடிதம் வந்தது.

அன்புள்ள என்று ஆரம்பிக்கப் போனேன், பேனா நகரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கல்யாணச் செய்தியைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அவ்வளவும் அப்படியே இருக்க, அதன் நடுவில் போய் இந்தச் சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றேன். ஃபிரேம் வாங்க வந்த ஒரு அம்மாள், "ஏம்மா சிரிக்கிற, எனக்கு நல்லா இல்லையா?" என்று கேட்டார். இல்லைம்மா, எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீடு என்று எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மனிதருக்கு என்ன வயது? இதற்கு முன்னால் கல்யாணம் ஆனவரா? குடிப்பாரா? அவர் அக்காமார் எத்தனை பேர், எல்லாரும் உள்ளூரா? முதலில் இதையெல்லாம் எழுத வேண்டாமா? கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாளாம், மாப்பிள்ளையைப் பற்றி நாலு வரி.

சரி. நான் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உன் அண்ணன் என்னையும் எட்டு வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போனாரே, அந்த டிக்கெட்டும் உன் பாயிண்டில் போட்டதுதான். வக்கீல் கேட்டாரே என்று அவருடைய மெயிலைத் தோண்டியபோது கிடைத்தது. பயணி பெயர் அவருடையது. பாயிண்ட் கொடுத்தவர் பெயர் உன்னுடையது. வேலைக்கான இன்டர்வியூ, பத்து நாளில் வந்துவிடுவேன் என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நம்பரை மாற்றினேன். உன் குரல் காதில் விழுந்தால் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டும் பிள்ளை முன்னால் வேண்டாம் என்று தோன்றியது.

ஒரே ஒரு கேள்வி. அவர் எதற்குப் போகிறார் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று வருடமாக பூவா தலையா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் தெரியும் என்று விழும், ஒரு நாள் தெரியாது என்று விழும்.

இன்னொன்று. டிக்கெட்டை எந்தப் பெயரில் போட்டாய்? உன் பட்டியலில் இருப்பது அவர் பெயரோடு ஒட்டிய என் பெயர். போன வருடம் தீர்ப்பு வந்தபின் பேங்கிலும் ரேஷனிலும் கடையிலும் எல்லா இடத்திலும் என் அப்பா பெயருக்கு மாறிவிட்டேன். பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. எங்கே போகப் போகிறோம் என்று அதைத் தள்ளிப்போட்டிருந்தேன். மனு எழுதி முடித்துவிட்டேன், அடுத்த மாதம் கொடுக்கப் போகிறேன்.

வாண்டுவுக்கு இப்போது பதினொரு வயது. என் தோள் வழியாக உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டது. "அத்தைக்குக் கல்யாணமா! அம்மா, நாம போறோம்தானே?" என்று கட்டில் மேல் ஏறிக் குதிக்கிறது. அதை இறக்குவது உன் பொறுப்பு.

எழுதினால் எழுது. போன் வேண்டாம்.


பிப்ரவரி 1

அண்ணி,

வயது நாற்பத்து நான்கு. ஒருமுறை கல்யாணமாகி, மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. குடிப்பதில்லை, ஆனால் பாடுவார், அது அதைவிட மோசம். அக்காமார் நான்கு பேர், நான்கும் உள்ளூர். மூத்தவர் என்னைப் பார்த்த முதல் நாளே "இவ்ளோ ஒல்லியா இருக்கியே, படத்துல எலும்பெல்லாம் பார்த்துட்டுத்தான் பிடிச்சுதாடா உனக்கு?" என்று தம்பியைக் கேட்டார். உங்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது தலைவலி. நீங்கள் பெயர் மாறியதை எழுதியதும் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் கிடைத்தாள். பொறுமைசாலிதான், ஆனாலும் என்னை அழவைத்துவிட்டாள்.

"பேரை மாத்திக்கலாம் மேடம். எதனால மாறிச்சுன்னு ஒரு ஆதாரம் மட்டும் அனுப்புங்க."

"கோர்ட் தீர்ப்பு இருக்கு. விவாகரத்து."

"ஓ... அப்படின்னா அவங்க இப்ப உங்க அண்ணன் மனைவி இல்ல."

"அதனால?"

"பட்டியல்ல இருக்க முடியாது மேடம். எடுத்துடுவோம். டிக்கெட்டும் கேன்சல் ஆயிடும்."

பெயரைத் திருத்த ஒரே வழி அந்தத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் காட்டினால் நீங்கள் எனக்கு யாருமே இல்லை. சரி, தோழி என்று புதிதாகச் சேர்க்கிறேன் என்றேன். தோழியெல்லாம் குடும்பத்தில் வராதாம். அப்படியே விதிவிலக்கு கொடுத்தாலும் புதிதாகச் சேர்த்தவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் டிக்கெட் போடலாமாம். அதற்குள் பாயிண்டுக்குக் காரியமே முடிந்துவிடும்.

போகிற போக்கில் எக்ஸ்ரேவைப் பற்றியும் கேட்டேன். கல்யாணத்துக்கு முன் அவர் குடும்பம் இல்லை, கல்யாணச் சான்றிதழ் வந்தபின் ஆறு மாதம். இறந்துபோன அப்பாவுக்கு இன்றைக்கே டிக்கெட் போட்டுத் தருவார்கள், மாப்பிள்ளைக்கு மாட்டார்கள். அவரிடம் சொன்னபோது, "உங்கப்பா வர்றாருன்னா நான் நாற்காலி விட்டுத் தரேன்" என்கிறார். இந்த மனிதரை என்ன செய்ய?

நானே ஒரு வழி யோசித்தேன். படித்துவிட்டுத் திட்டுங்கள், படிக்கும்போதே திட்டாதீர்கள். உங்கள் பழைய பாஸ்போர்ட் அக்டோபர் வரை செல்லும் என்று பட்டியலில் போட்டிருக்கிறது. அந்த மனுவை இரண்டு மாதம் மட்டும் தள்ளிப்போட்டால் என்ன? பழைய பெயரிலேயே வந்துவிட்டுப் போய், மறுநாளே மாற்றிக்கொள்ளுங்களேன். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை நேரில் பேசிக்கொள்வோம் அண்ணி. கடிதத்தில் அதெல்லாம் சரியாக வராது.

வாண்டு கட்டிலிலிருந்து இறங்க வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 13

படித்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

யாருக்கும் தெரியப்போவதில்லையா? எனக்குத் தெரியாதா?

உன் கடிதம் வந்தது திங்கட்கிழமை. செவ்வாய் காலை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் மனுவைக் கொடுத்தேன். இல்லையென்றால் உன் பேச்சைக் கேட்டு மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. உன் பேச்சுக்கு மயங்குகிறவள்தானே நான்.

அங்கே கவுன்டரில் இருந்த அம்மாளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கணவர் பெயர் ஏன் காலியாக இருக்கிறது? இந்தத் தாள் ஏன் நகல்? இந்தக் கையெழுத்து ஏன் சாய்ந்திருக்கிறது? அவர் கண்ணாடி வேறு மூக்கிலிருந்து சறுக்கிச் சறுக்கி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சறுக்கலுக்கும் கோபம் ஏறியது அவருக்கு. கடைசியில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்க குடுங்கம்மா" என்று வாங்கி, கைப்பையில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பக்கமும் இறுக்கி, காது வளைவைக் கொஞ்சம் மடக்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் தாள்களை மறுபடியும் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான்மா இருக்கு" என்றார். பழைய பாஸ்போர்ட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. இருபத்தோரு வருடம் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன், அது அவர் கொடுத்தது, அவர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தது. அந்தப் பெயரை இரண்டு மாதம் கடனாகப் போட்டுக்கொண்டு ஆகாயத்தில் பறந்து வா என்கிறாய். உனக்குச் சின்ன விஷயம். எனக்கு இப்போதுதான் மூச்சு விட வருகிறது, சின்னவளே.

பார், பழைய பழக்கத்தில் சின்னவளே என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவும் மாட்டேன்.

வாண்டுவின் டிக்கெட் அப்படியே இருக்கட்டும். அதன் பெயரில் மாற்றம் இல்லை, எந்தத் தீர்ப்பு வந்தாலும் அது உன் அண்ணன் மகள்தான். தனியாக வரும் பிள்ளைகளை ஆள் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவார்களாமே, விசாரித்தேன். நமக்குள் நடந்ததற்கு அது தன் அத்தையை இழக்க வேண்டாம். ஒரு நாற்காலியில் அது உட்காரட்டும். ஒன்று நிறைந்ததே, அதுவே போதும் என்று நினைத்துக்கொள்.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. கடிதத்தில் சரியாக வராது என்கிறாய். எக்ஸ்ரேவின் நான்கு அக்காமாரும் கடிதத்தில் எவ்வளவு சரியாக வந்தார்கள்!


பிப்ரவரி 24

அண்ணி,

தெரியும்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு "ஆனால்" வந்தது. இந்தத் தடவை அந்தச் சொல் இல்லாமல் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையில் ஏழு ஸ்க்ரூ. அண்ணன் போன் பண்ணினான். இன்டர்வியூ, அவசரமாக ஒரு டிக்கெட் வேண்டும் என்றான். நாள் சொன்னான், ஊர் சொன்னான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே போட ஆரம்பித்தேன். "எப்ப திரும்பற?" என்று கேட்டேன். "போக மட்டும் போடு" என்றான்.

"ஏண்டா, இன்டர்வியூக்குப் போறவன் திரும்பி வர வேணாமா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"நீ போடு" என்றான். அந்தப் பெண்ணைப் பற்றி அதற்கு இரண்டு மாதம் முன்பே அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்தது. போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எப்போதும் அவன் பெரியவன், நான் அசடு. அன்றைக்கு அவனுக்கு நான் வேண்டியிருந்தது, எனக்கு அது பெருமையாக இருந்தது. இவ்வளவு அற்பமான காரணம்தான் அண்ணி. பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று மூன்று வருடம் தேடினேன். இல்லை.

அதோடு முடியவில்லை. அன்று சாயங்காலம் நீங்களே எனக்குப் போன் பண்ணினீர்கள். "அங்க குளிருமாடி? ஸ்வெட்டர் வைக்கவா, கனமா இருக்கும்னு திட்டுவாரு" என்று கேட்டீர்கள். "குளிரும் அண்ணி, வையுங்க" என்று சொன்னேன். நீங்கள் மடித்து வைத்திருப்பீர்கள். நீங்கள் மடிக்கிற விதம் எனக்குத் தெரியும், கை இரண்டையும் உள்ளே மடக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டி. டிக்கெட் போட்டதைக்கூட மறக்கிறேன். அந்த ஸ்வெட்டரை மறக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் அவனைத் தடுத்திருக்கவும் மாட்டீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் கையால் பெட்டி அடுக்கிக் கொடுத்து அனுப்பிய கேவலமாவது உங்களுக்கு இருந்திருக்காது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கல்யாணத்தைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருப்பேன். அதனால் இப்படியே எழுதிவிட்டது நல்லது.

அண்ணனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. உங்களுக்காக இல்லை, எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

பழைய பாஸ்போர்ட்டைப் பற்றி எழுதியதற்கு என்னை எதால் அடித்தாலும் தகும். வாண்டுவின் டிக்கெட் இருக்கிறது. நீங்கள் அனுப்ப விரும்பாவிட்டாலும் புரிந்துகொள்வேன். எக்ஸ்ரேவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பாடவில்லை அன்றைக்கு.

என்னை மன்னியுங்கள்.

சின்னவள்


மார்ச் 15

அண்ணி,

பதில் வரவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், பல் மருத்துவர் விளம்பரம்தான் வருகிறது.

இது தொந்தரவு செய்ய இல்லை. தனியாக வரும் பிள்ளைக்கு ஒரு படிவம் உண்டு. அங்கே ஏற்றிவிடுகிறவர் யார், இங்கே இறக்கிக்கொள்கிறவர் யார் என்று எழுத வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் வாண்டுவை ஏற்ற மாட்டார்கள். படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். இங்கே இறக்கிக்கொள்கிறவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி வைத்தேன். வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள்.

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கத்தான் இருக்கிறது. கேட்கிற உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சின்னவள்


மார்ச் 26

சின்னவளுக்கு,

சாப்பிட்டேன். தூங்கத்தான் இல்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பாகப் போயிற்று. முதல் வரி ஒரே சொல். அதைப் படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஒரு கண்ணுல தரை மேல ஏறுது, ஒரு கண்ணுல கீழ இறங்குது" என்றார். வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. முதலாளி "வீட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் உன்னைச் சபித்தேன். ஸ்வெட்டரை நான் மறந்தே போயிருந்தேன், நீ எழுதித்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தட்டுக்கூட ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவும்போது சபித்தேன், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சபித்தேன். வாண்டு ஒரு நாள், "அம்மா, வாய் அசையுது, சத்தம் வரல" என்றது. அப்படி.

பதினோராவது நாள் ஒன்று தெரிந்தது. பூவா தலையா நின்றுவிட்டது. மூன்று வருடமாக ராத்திரியானால் தெரியுமா தெரியாதா என்று ஆரம்பிக்கும் அந்தச் சத்தம் தலைக்குள் இல்லை. தெரியும். அவ்வளவுதான். செய்திருக்கிறாய், சொல்லிவிட்டாய். உன் அண்ணன் இன்று வரை என்னிடம் ஒரு வரி உண்மை சொன்னதில்லை. அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் உண்மை உன்னுடையதுதான். பொய்யும் உன்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று என்னை எழுத வைக்காதே. இன்னும் இல்லை. ஆனால் உன் மேல் கோபமாக இருப்பதற்கு நீ எனக்கு வேண்டியிருக்கிறாய், தள்ளி வைத்துவிட்டால் யார் மேல் கோபப்படுவேன்? தபாலில் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது. பத்து நாள் கழித்துத்தான் போய்ச் சேருகிறது, அதற்குள் ஆறிவிடுகிறது.

இந்த உறைக்குள் கோர்ட் தீர்ப்பின் நகல் இருக்கிறது. விமானக் கம்பெனிக்கு அனுப்பி என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. நீயே உன் கையால் எடு. அவர் மனைவி என்று எழுதின எந்தத் தாளிலும் நான் இனி ஏறி உட்கார மாட்டேன், விமானமாகவே இருந்தாலும். என் டிக்கெட் கேன்சலானால் ஆகட்டும். மிச்சப் பாயிண்ட் செத்தால் சாகட்டும்.

புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். அந்தப் பெயரில் ஒரு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். காசு எங்கிருந்து என்று கேட்டால் அங்கேயே திரும்பிவிடுவேன். இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும், மொத்தம் முப்பத்தோரு மணி நேரம். என் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள், பிள்ளை சொகுசாக ஒரே விமானத்தில் வருமாம், அம்மா ஊர் ஊராக இறங்கி ஏறி வருவாளாம். வாண்டுவை அவள்தான் ஏற்றிவிடுவாள். படிவத்தில் எழுதிவிட்டேன். உன் பெயரை அடிக்கவில்லை, பக்கத்தில் என் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

பிள்ளை வருவது 14ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு. நான் அன்று காலை ஐந்து நாற்பதுக்கே இறங்குகிறேன். ஒன்பதரைக்கு வருகிற விமானமும் இருந்தது, இதைவிட நல்ல விமானம். அந்த ட்ராவல்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார், "அவ்ளோ காலைல போய் என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று. வேலை இருக்கிறது என்றேன்.

நீ மட்டும் வா. எக்ஸ்ரேவைக் கூட்டிக்கொண்டு வராதே, அவர் முதல் நாளே என்னை அந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம். அக்காமார் யாரும் வேண்டாம். விமான நிலையத்தில் எங்காவது ஓரமாக இரண்டு நாற்காலி பார்த்து வை. உட்கார்ந்ததும் திட்ட ஆரம்பிப்பேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. குறுக்கே பேசாதே. பெருமையாக இருந்தது என்று எழுதினாயே, அந்த இடத்தில் நிறைய நேரம் ஆகும். நடுவில் எனக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் வாங்கிக் கொடு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். உனக்கு அழுகை வந்தால் அழு, நானும் அழுவேன், அந்தக் கூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்.

பிள்ளை இறங்க ஐந்து மணி இருபது நிமிடம் இருக்கிறது நமக்கு. அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். பத்தரை மணிக்கு இரண்டு பேரும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். வாண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை மட்டும்தான் அது பார்க்க வேண்டும்.

அண்ணி